இரு சக்கரங்களில் ஹூக்ளிக் கரை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பேசுவது நம் சங்கத்தின் நன்மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிதிவண்டி. சைக்கிளைப் பற்றி மேடையேறிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் புன்னகை செய்வதைக் காண்கின்றோம். ஒரு நாட்டில் குடியிருப்பது வேறு. அந்நாட்டை அறிந்திருப்பது வேறு. குடியிருப்பவரை அறிந்தவராக ஆக்குவதற்கு மிதிவண்டியைப் போன்ற எளிய கருவி மற்றொன்று இல்லை. இதுவே நாம் சொல்ல வந்த செய்தி.

பிழைப்பை நாடிக் கல்கத்தா வந்த தமிழர் குடும்பங்கள் பலவற்றில் இன்று மூன்றாம் தலைமுறை வளர்கின்றது. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. ராஷ்பிகாரி அவென்யூவில் தமிழ் ஒலிக்கின்றது. விடுமுறை வந்தால் ஹவுரா நிலையத்தில் வண்டியேறி ஊருக்குப் போகின்றோம். வீடு, அலுவலகம், பள்ளி, ரயிலடி என்னும் நான்கு புள்ளிகளுக்குள் வாழ்க்கை அமைந்துவிடுகின்றது. இங்கே பிறந்த நம் குழந்தைகள் வங்காளம் நன்கு பேசுகின்றனர். ஆனால் வங்கத்தின் ஒரு சிற்றூரையேனும் கண்டவர் அவருள் எத்தனை பேர்?

ரயிலில் செல்பவருக்கு ஊர் என்பது ஒரு பெயர்ப்பலகை. காரில் செல்பவருக்கோ முன்னே போகும் லாரியின் பின்புறமே காட்சி. நடந்து செல்பவர் அனைத்தையும் காண்பார். ஆயின் நெடுந்தொலைவு செல்ல இயலாது. மிதிவண்டியில் செல்பவர் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கடப்பார். எனினும் மணக்கும் அடுப்பும், குளத்தில் மூழ்கும் வாத்தும், திண்ணையில் அமர்ந்த முதியவரும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. நின்று பேச விரும்பினால் ஒரு காலைத் தரையில் ஊன்றினால் போதும்.

இவ்வுண்மையைப் பிரெஞ்சு மக்கள் நன்கு உணர்ந்துள்ளனர். 1903-இல் தொடங்கிய ‘டூர் டி பிரான்ஸ்’ என்னும் மிதிவண்டிப் போட்டியை உலகமே அறியும். அது வீரர்களுக்கு உரியது. எளிய குடும்பங்களுக்கு உரிய பாதைகளும் அங்கே உண்டு. போர்தோ நகருக்கு அருகே, கைவிடப்பட்ட ஓர் இருப்புப்பாதையை மிதிவண்டிப் பாதையாக மாற்றி, 1937-ஆம் ஆண்டுப் போட்டியில் வென்ற ரோஜே லப்பெபீயின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கின்றனர். பர்கண்டியில் போன் நகரிலிருந்து சாந்தனே வரை திராட்சைத் தோட்டங்களினூடே ஒரு பாதை செல்கின்றது. அங்கே பாட்டனும் பேரனும் ஒன்றாக மிதிக்கின்றனர். வெல்வதற்காக அவர்கள் செல்வதில்லை. இந்தச் சரிவின் மண் எத்தகையது, அந்த ஊரின் திராட்சை எதற்குப் பெயர் பெற்றது என்று தம் நாட்டைத் தாமே படிப்பதற்காகச் செல்கின்றனர்.

அவ்வளவு தொலைவு நாம் செல்ல வேண்டுவதில்லை. பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர் ஒன்று ஹவுராவிலிருந்து 33 கிலோமீட்டரில் இருக்கின்றது. அதுதான் சந்தன்நகர். ஹூக்ளியின் மேற்குக் கரையோடு வடக்கே சென்றால் அதனை அடையலாம். கிராண்டு டிரங்க் சாலையில் நெரிசல் மிகுதி. ஆயின் அச்சாலைக்கும் ஆற்றுக்கும் இடையே படித்துறைகளையும் பழைய மாளிகைகளையும் ஒட்டி அமைதியான சந்துகள் பல உள்ளன. அவையே நமக்கு உரிய வழி.

அவ்வழியே செல்லும் தமிழருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. உத்தரபாராவில் 1859-இல் தோன்றிய நூலகத்தையும், 1855-இல் சணல் ஆலைத் தொழில் பிறந்த ரிஷ்ராவையும் கடந்தால் ஸ்ரீராம்பூர் வரும். அது டென்மார்க்கு நாட்டவர் ஆண்ட ஊர். நம் தரங்கம்பாடியை ஆண்டவரும் அவர்களே. இரண்டையும் 1845-இல் ஒருங்கே ஆங்கிலேயருக்கு விற்றனர். அடுத்து வரும் சந்தன்நகர், புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் உடன்பிறப்பு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நாம் சந்திக்கும் துய்ப்ளேக்சு, புதுச்சேரிக்கு ஆளுநராக வருமுன் 1731 முதல் பத்தாண்டுக் காலம் சந்தன்நகரிலேதான் தலைமை வகித்தார். அதற்கும் வடக்கே உள்ள சின்சுரா ஒல்லாந்தர் ஊர். நாகப்பட்டினத்தில் கோட்டை கட்டியவரும் அவர்களே. அப்பால் பண்டேலில் போர்ச்சுகீசியரின் தேவாலயம் நிற்கின்றது. அவர்களும் நாகையில் கால் பதித்தவர்களே.

என்ன புதுமை! சோழமண்டலக் கரையின் துறைமுகங்கள் யாவும் ஹூக்ளிக் கரையில் சுமார் நாற்பது கிலோமீட்டருக்குள் வரிசையாக நிற்கின்றன. வங்கம் நமக்கு அயல்நாடு என்று எண்ணுவோர் ஒருமுறை இவ்வழியே மிதித்துச் செல்லட்டும். இவ்விரு கரைகளின் வரலாறும் ஒரே நூலில் கோத்த மணிகள் என்பது கண்கூடாகும். 1910-இல் அரவிந்தர் கல்கத்தாவை விட்டு முதலில் அடைக்கலம் புகுந்ததும் சந்தன்நகரில்தான். அங்கிருந்தே புதுவை சென்றார். 1949-இல் சந்தன்நகர் மக்கள் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். 1950-இல் ஆட்சி கைமாறியது. 1954-இல் மேற்கு வங்கத்துடன் அவ்வூர் ஒன்றாயிற்று. புதுச்சேரி நம் கைக்கு வந்ததும் அதே 1954-இல் அன்றோ?

இங்கே திராட்சைத் தோட்டம் இல்லை. ஆனால் மார்கழியில் ரயில் பாதைக்கு மேற்கே சிற்றூர்ச் சாலைகளில் சென்றால், கடுகு வயல் மஞ்சள் போர்த்திக் கிடக்கும். உருளைக்கிழங்குப் பாத்திகள் பசுமையாக விரிந்திருக்கும். ஈச்சமரங்களில் பானை கட்டிச் சாறு இறக்குவர். நம் நாட்டுப் பதநீர் நினைவுக்கு வரும். அச்சாற்றைக் காய்ச்சிய புதுவெல்லம் மணக்கும் வாசலில் மிதிவண்டியை நிறுத்தாதவர் யார்? ஆயினும் ஒன்று: பச்சைச் சாற்றை வௌவால் தீண்டியிருக்கக்கூடும், அதனால் நிபா நோய் பரவலாம் என மருத்துவர் எச்சரிக்கின்றனர். ஆகவே காய்ச்சிய வெல்லத்தோடு நிறுத்திக்கொள்வதே நலம்.

வங்கத்தார்க்கு மிதிவண்டி புதிதன்று. ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் போன்ற பேரறிஞர்களே இங்கு மிதிவண்டி பழகினர். அவர்களுக்குக் கற்பித்தவர் ‘குந்தலீன்’ எண்ணெயால் புகழ்பெற்ற ஹேமேந்திர மோகன் போஸ். 1926-இல் பிமல் முகர்ஜி என்னும் இளைஞர் மூன்று நண்பர்களுடன் இந்நகரிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டார். உலகைச் சுற்றி 1937-இல் திரும்பினார். ராம்நாத் பிஸ்வாஸ் 1931-இல் சிங்கப்பூரிலிருந்து தம் பயணத்தைத் தொடங்கினார். தமிழரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். 1949-இல் தோன்றிய நிறுவனம் ஒன்று அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்து நாடெங்கும் அனுப்பியது. வாடகைக் கடையில் மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்து, இருக்கை எட்டாமல் குரங்குப் பெடல் போட்டு ஓட்டிய நாட்களை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய நகரில் மிதிவண்டிக்கு ஒரு துயரமும் நேர்ந்தது. 2008-இல் சில முக்கியச் சாலைகளில் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. 2013-இல் அத்தடை 174 சாலைகளுக்கு நீண்டது. பின்னர் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. 2020-இல் தொற்றுநோய்க் காலத்தில் மேலும் தளர்வு வந்தது. போக்குவரத்து தடையின்றி ஓட வேண்டும் என்பது நியாயமே. ஆயின் அச்சாலைகளில் மிதிவண்டி ஓட்டுபவர் யார்? விடியுமுன் நம் வாசலுக்குப் பால் கொண்டு வருபவர், செய்தித்தாள் எறிபவர், மீனும் காயும் பூவும் சுமந்து வருபவர். பேருந்துக் கட்டணம் மிச்சமானால் பிள்ளைக்கு ஒரு குறிப்பேடு வாங்கலாம் என்று கணக்கிடுபவர். புகை கக்காத வண்டிக்கு வழியில்லை என்றால் அது நகரத்துக்கு அழகாகாது. நாமும் மிதிவண்டியில் ஏறினால்தான் அவர் படும் பாடு நமக்கு விளங்கும். அவருக்கு ஒரு தனிப்பாதை வேண்டும் என்று கேட்கும் குரலில் நம் குரலும் சேரும்.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு மிதிவண்டியும் கற்பிக்கப்பட்டது. வயல் வேலை செய்யும் பெண்களும், கல் குவாரித் தொழிலாளரும், கிராமச் செவிலியரும் ஆயிரக்கணக்கில் முன்வந்து பழகினர். முதலில் கேலி பேசிய ஊர், பிறகு வாயடைத்து நின்றது. தண்ணீர் கொணரவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் பிறர் துணையை எதிர்நோக்காத நிலை அவர்களுக்கு வாய்த்தது. மேற்கு வங்க அரசு 2015-இல் தொடங்கிய ‘சபுஜ் சாதி’ திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மிதிவண்டிகள் மாணவ மாணவியர்க்கு வழங்கப்பட்டுள்ளன. சிற்றூர்ப் பெண் அஞ்சாமல் ஓட்டும்போது, நம் காலனிப் பெண்ணை மட்டும் ‘விழுந்துவிடுவாய்’ என்று தடுத்தல் தகுமா?

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகை முதல் மாசி வரை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பங்கள் கூடி மிதிவண்டிப் பயணம் செல்வோம். புதிதாகப் பழகுவோர் காலனிக்குள்ளே அமைதியான தெருவில் சில வாரம் பழகட்டும். முதற்பயணம் ஸ்ரீராம்பூர் வரை போதும். அங்கே டேனியர் காலத்து விடுதி ஒன்று புதுப்பிக்கப்பட்டு 2018-இல் திறக்கப்பட்டது. மிதிவண்டியோடு படகேறிப் பாரக்பூர்க் கரையில் இறங்கலாம். அடுத்த ஆண்டு சின்சுரா வரை செல்வோம். அங்கிருந்து படகில் அக்கரை சென்றால் நைஹாட்டி. ‘வந்தே மாதரம்’ தந்த பங்கிம் சந்திரர் பிறந்த மண் அது. அப்பாடலைத் தமிழாக்கியவர் நம் பாரதியார். காற்றடிக்கும் பம்பும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும், குடிநீரும், புளியோதரையும் உடன் இருக்கட்டும். சங்கிலிக்கு எண்ணெயும் பிரேக்குக்குச் சோதனையும் முதல் நாளே முடியட்டும். முன்னே ஒரு பெரியவர், பின்னே ஒரு பெரியவர், நடுவே பிள்ளைகள் என்று ஒற்றை வரிசையிற் செல்வோம்.

வழியில் யாரேனும் எந்த ஊர் என்று கேட்பர். தமிழ்நாடு என்று சொல்வோம். இங்கேதான் வாழ்கின்றோம் என்றும் சொல்வோம். அவர் தேநீர் தருவார். தம் ஊர்க் கதையைச் சொல்வார். தமிழை மறவாதிருக்கச் சங்கம் வைத்தோம். நம்மை வாழவைக்கும் நாட்டை அறிவதும் அச்சங்கத்தின் கடமையே.