காதால் அளந்த கச்சேரி

(காணிப்பாக்கம் வளர்கல்வி மையத்தில் பேசியது)



பிள்ளையார் சதுர்த்தி வந்தால் நம் காணிப்பாக்கத்தில் திருவிழா. பாட்டு கேட்கிறோம், மேளம் கேட்கிறோம். பாரதக் கூத்தில் ஆர்மோனியம் கேட்டிருப்பீர்கள். இன்று உங்களை வேறு ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போகிறேன். அது நடந்தது 1916 மார்ச் மாதம். இடம், குஜராத்தில் உள்ள பரோடா.

அங்கே அகில இந்திய இசை மாநாடு நடந்தது. பல ஊர் வித்வான்கள் வந்திருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரு வைத்தியரும் வந்திருந்தார். அவர் பெயர் ஆபிரகாம் பண்டிதர். தம் மகள்கள் இருவரைக் கூட்டி வந்திருந்தார்.

வைத்தியருக்கு அங்கே என்ன வேலை?

பண்டிதர் 1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் படித்து ஆசிரியர் ஆனார். பிடில் கற்றார். சித்த வைத்தியம் கற்றார். பிறகு தஞ்சாவூரில் மருந்து செய்து விற்றார். நல்ல வருமானம் வந்தது. ஊருக்கு வெளியே தோட்டம் போட்டார். எதையும் தாமே செய்து பார்க்கிற மனிதர்.

இசையிலும் அப்படித்தான். 1912-ல் தஞ்சாவூரில் ஒரு இசைச் சங்கம் தொடங்கினார். வித்வான்களை வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். செலவு அவருடையது. அரசர் தயவு வேண்டாம், ஜமீன் தயவு வேண்டாம். அதனால் மனதில் பட்டதைத் துணிந்து கேட்க முடிந்தது.

அவர் கேட்டது இதுதான். கீழ் ச முதல் மேல் ச வரை ஒரு ஏணி என்று வையுங்கள். அதில் எத்தனை படி? ஆர்மோனியத்தைப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாக 12 கட்டைகள். அதைவிட நுட்பமான படிகளும் உண்டு. அவற்றைச் சுருதி என்பார்கள். பழைய வடமொழி நூல்கள் சுருதி 22 என்றன. எல்லோரும் அதையே சொன்னார்கள். பண்டிதர் பழந்தமிழ் நூல்களைப் படித்தார், கணக்குப் போட்டார். 22 இல்லை, 24 என்றார்.

சும்மா சொன்னால் யார் ஒப்புவார்கள்? அதற்காகத்தான் மகள்கள் வந்தார்கள். சபை நடுவே வீணை வாசித்தார்கள், பாடினார்கள். அப்பா கணக்கைச் சொன்னார். மகள்கள் அதை ஒலியாக்கிக் காட்டினார்கள். குடும்பப் பெண்கள் மேடை ஏறத் தயங்கிய காலம் அது. வித்வான்கள் முன்னால் தவறு நேர்ந்தால் அப்பாவின் கணக்கே போச்சு! அந்தப் பெண்களின் தைரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. 22 என்றவர்கள் 22 என்றே நின்றார்கள். பண்டிதரும் விடவில்லை. 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஆயிரம் பக்கத்துக்கு மேல்! 1919-ல் காலமானார். சுருதி எத்தனை என்ற வாதம் இன்னும் முடியவில்லை. முடியாவிட்டால் என்ன? ஒலியைப் பற்றிய வழக்கு. அதைக் காது கேட்டுத்தானே தீர்க்க வேண்டும்? புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்னால் போதுமா?

நீங்களும் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். ஒரு பலகையில் இரண்டு ஆணி அடியுங்கள். நடுவே மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டுங்கள். கம்பியின் நீளம் 90 சென்டிமீட்டர் இருக்கட்டும். கம்பி பலகையில் படாதபடி இரு முனையிலும் சிறு கட்டை வையுங்கள். மீட்டினால் ஒரு ஒலி வரும். அதைச் ச என்று வையுங்கள். இனி சரிபாதியில், 45 சென்டிமீட்டரில், அழுத்தி மீட்டுங்கள். அதே ச, மேலே கேட்கும். 60 சென்டிமீட்டர் கம்பி அதிரும்படி அழுத்தினால் ப வரும். கம்பி குறையக் குறைய வேகமாக அதிர்கிறது. அதனால் ஒலி ஏறுகிறது.

இதுவேதான் வீணையிலும். தண்டின் மேல் மெழுகு வைத்து, அதில் மெட்டுகளைப் பதித்திருப்பார்கள். அடுத்த முறை வீணைக் கச்சேரி நடந்தால் முன்னால் போய் உட்காருங்கள், மெட்டுகளை எண்ணுங்கள். 24 இருக்கும். உடனே பண்டிதர் கட்சி ஜெயித்தது என்று கிளம்பிவிடாதீர்கள்! அந்த 24 வேறு. ஒரு ஏணிக்கு 12 வீதம் இரண்டு ஏணி, அவ்வளவுதான். பண்டிதர் சொன்ன 24 ஒரே ஏணியில் இருப்பவை. வாசிப்பவர் கம்பியை ஓரமாக இழுத்து, மெட்டு இல்லாத இடத்து ஒலியையும் எடுப்பார். அப்போது அவர் விரலைப் பாருங்கள்.