வேர் அனுப்பும் அழைப்பு

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பால்மர நிரைகளின் நடுவே படர்ந்து கிடந்த கொடி நினைவிருக்கும். பாம்புக்குப் பயந்தோமே தவிர, துரை அதை ஏன் விதைத்தார் என்று கேட்டோமா?

பியூரேரியா போன்ற அவரைக் குடும்பத்து மூடுபயிர் அது. தழைச்சத்து குறைந்த மண்ணில் அதன் வேர் ஃபிளேவனாய்டு எனும் பொருளைக் கசியவிடும். ரைசோபியம் பாக்டீரியாவுக்கு அதுதான் அழைப்பு. பாக்டீரியா பதில் சமிக்ஞை அனுப்ப, வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே வாங்கும். முடிச்சு உண்டாகி, காற்றின் நைட்ரஜன் தழைச்சத்தாகும். கொடி மட்கினால் பால்மரத்துக்கும் பங்கு உண்டு.

ஈப்போ வீட்டில் அம்மா நட்ட பயற்றங்காய்க்கு நான் யூரியாவை அள்ளிப் போட்டேன். இலை செழித்தது, காயைக் காணோம். பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சே இல்லை! உரம் மிகுந்தால் செடி பாக்டீரியாவைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொள்கிறது.

இம்முறை அம்மா யூரியாப் பையை ஒளித்து வைத்துவிட்டார்.