போர்வையும் தன்மதிப்பும்



மார்கழியில் கம்பம் பள்ளத்தாக்கின் பனி கடுமையானது. விடியுமுன்னரே நம் தாய்மார் பலர் ஜீப்பேறிக் குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்றுவிடுகின்றனர். வெறுந்தரையில் குழந்தை நடுங்குகிறது. அதற்குப் போர்வை வேண்டும். ஆயின், எத்தகைய போர்வை?

பிணத்தின் ஆடையே சண்டாளருக்கு உரியது என விதித்தது மனுநூல். ஆகவே, பிறர் கழித்த துணியை ஏந்தும்போது நம் பழைய வடு நோகின்றது. அந்நூலை 1927 டிசம்பர் 25 அன்று மகத் நகரில் எரித்த அண்ணல் அம்பேத்கர், கந்தையாயினும் தூய்மையாக உடுத்துமாறு அங்கேயே நம் மகளிரிடம் கூறினார்.

வங்கப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் ‘காந்தா’ ஆக்குகின்றனர். 1999-இல் தில்லியில் தோன்றிய ‘கூஞ்ச்’ அமைப்பு பழந்துணியைச் ‘சுஜனி’ விரிப்பாக்குகிறது. ஊர்ப்பணி செய்தோர்க்கு உழைப்பின் மதிப்பாகவும் துணி வழங்குகிறது.

நாமும் தொடங்குவோம். நம் வீட்டு நூற்சேலைகள் இரண்டைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, மடித்தடுக்கி, நெருக்கமாகத் தைப்போம். ஆடவரும் ஊசி பிடிக்கட்டும். நம் தெருவின் கைகள் தைத்ததைப் போர்த்தி உறங்கும் பிள்ளை, காலையில் தலைநிமிர்ந்து பள்ளி செல்லும். அதற்காகவே இப்பணியை வேண்டுகிறோம்.