எரிமலைச் சாம்பலும் சாஸ்திரக் கணக்கும்

"சயன்ஸ் சயன்ஸ் என்று ஓயாமல் பேசுகிறீர்களே, அந்த சயன்ஸ்காரன் இன்று ஒன்று சொல்லுகிறான், நாளை அதை மாற்றுகிறான், எங்கள் சாஸ்திரமோ என்றைக்கும் மாறாதது" என்று சிலர் நம்மை மடக்குவதாக நினைத்துக் கேட்கிறார்கள். அவன் மாற்றுவது வாஸ்தவந்தான். ஏன் மாற்றுகிறான் என்பதற்கு ஒரே ஒரு சங்கதியை இன்று எடுத்துச் சொல்லுகிறோம்.

ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தில் துர்க்கானா ஏரிக்கரையில் கூபி போரா என்று ஓர் இடம். அங்கே 1972-ம் வருஷத்தில் ரிச்சர்டு லீக்கி என்பவரின் கூட்டத்தார் ஆதி மனித இனத்தின் மண்டையோடு ஒன்றைத் துண்டு துண்டாகக் கண்டெடுத்து ஒட்டவைத்தார்கள். அதற்கு வயதென்ன? அது கிடந்த மண்ணுக்கு மேலே எரிமலைச் சாம்பல் அடுக்கு ஒன்று இருந்தது. மேலே கிடப்பது பிந்தியது, கீழே கிடப்பது முந்தியது என்பது குப்பைமேட்டைக் கிளறினவர்களுக்கெல்லாம் தெரியும். ஆகவே சாம்பலின் வயது தெரிந்தால், மண்டையோடு அதற்கும் மூத்தது என்று ஏற்பட்டுவிடும்.

சாம்பலுக்கு வயது பார்ப்பது மந்திரமல்ல. எரிமலைக் குழம்பில் பொட்டாசியம் உண்டு. அதில் ஒரு சிறு பாகம் தானாகவே ஆர்கான் என்னும் வாயுவாக மாறிக்கொண்டே வரும். அந்தச் சிறு பாகத்தில் பாதி அழிய சுமார் 125 கோடி வருஷம் செல்லும். குழம்பாயிருக்கையில் வாயு வெளியே போய்விடும். கல்லாக இறுகிய பிறகு உண்டாகும் வாயு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சிக்கியதை அளந்தால் கல்லின் வயது கிடைக்கும்.

ஆனால் கூபி போரா சாம்பலை ஆற்றுவெள்ளம் அடித்துவந்ததால் பழைய கல்துகள்களும் அதில் கலந்திருந்தன. முதலில் அளந்தபோது 20 கோடி வருஷத்துக்கு மேல் வந்தது! கலப்பு என்று அறிந்து, துகள்களைப் பொறுக்கியெடுத்து மறுபடி அளந்து, 1970-ல் 26 லட்சம் வருஷம் என்றார்கள். லீக்கியும் அதை நம்பி மண்டையோட்டுக்கு 29 லட்சம் என்றார். உலகமெங்கும் அவருக்குப் புகழ்.

இதை மறுத்துச் சாட்சி சொன்னது எது தெரியுமா? பன்றி! அந்தச் சாம்பலுக்குக் கீழே கிடைத்த பன்றி எலும்புகள், எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் சுமார் 20 லட்சம் வருஷத்து மண்ணில் கிடைத்த பன்றி எலும்புகளாகவே இருந்தன. 1975-ல் அமெரிக்காவில் கர்டிஸ் என்பவரும் மற்றவர்களும் அளந்தபோது 18 லட்சமும் அதற்குக் குறைவுந்தான் வந்தது. சில வருஷம் பலத்த வாக்குவாதம். முடிவில் நுரைக்கல்லிலிருந்து எடுத்த சுத்தமான துகள்களை அளந்ததில் சுமார் 19 லட்சம் என்று நிச்சயமாயிற்று. லீக்கியும் ஒப்புக்கொண்டார்.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். பேர்பெற்ற மனிதர் சொன்ன கணக்கு, பன்றிப் பல்லுக்கு முன் நிற்க முடியவில்லை. "பெரியவர் சொல்லிவிட்டார், எதிர்த்தால் பாவம்" என்று எவரும் சொல்லவில்லை. கலியுகத்துக்கு 4,32,000 வருஷம் என்கிறார்களே, அதை யார், எதைக்கொண்டு அளந்தார்கள்? கி.மு. 4004-ல் உலகம் உண்டாயிற்று என்று 1650-ல் அஷர் பாதிரியார் எழுதினாரே, அவர் எந்த மண்ணைத் தோண்டினார்? அளக்காத கணக்கில் தப்பு எப்படித் தெரியும்? தப்பே தெரியாதது எப்படி மாறும்?

ஆகவே மாறாமலிருப்பதில் பெருமையொன்றுமில்லை. நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எப்படித் தெரியும், எதைக்கொண்டு அளந்தாய் என்று எவரையும் கேளுங்கள் என்பதுதான் நமது வேண்டுகோள்.