பெயர்ப்பலகையும் பள்ளிக்கூடமும்



வெளிமாநிலத்தில் இரு தமிழர் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது ஊர்ப் பெயர். அடுத்தது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பது. மும்பையில் இந்த இரண்டாவது கேள்விக்குரிய விடை, குடியிருக்கும் இடத்துக்குத் தக்கபடி மாறுகிறது. மாதுங்காவில் குடியேறிய நம்மவர் 1932இல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியை நிறுவிப் பள்ளிகளை எழுப்பினர். செம்பூரிலும் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்கள் பல உள. ஆனால், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் பலருக்கு மாநகராட்சிப் பள்ளியே கல்விக்கு வாயில். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று.

அப்பள்ளிகள் நலிவுற்றால் என்ன செய்வது? ‘திறமையுள்ள தனியார் அறநிலையங்களிடம் ஒப்படைத்துவிடலாம்’ என்பார் ஒரு சாரார். ‘பொதுப் பள்ளியைப் பிறர் கையில் கொடுப்பது தகாது’ என்பார் மற்றொரு சாரார். மும்பையிலேயே மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றை ஆகாங்ஷா என்னும் அறநிலையம் ஒப்பந்தத்தின் பேரில் நடத்தி வருகிறது. ஆகவே இது நம் வாசலுக்கு வந்துவிட்ட கேள்வி. இதனை ஆராய்ச்சியின் துணைகொண்டு சற்றே ஆய்ந்து பார்ப்போம்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1991இல் ஒரு சட்டம் இயற்றியது. பணம் அரசினுடையது, பிள்ளைகளிடம் கட்டணம் இல்லை, நிர்வாகம் மட்டும் தனிக் குழுவினருடையது. இவையே சார்ட்டர் பள்ளிகள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 2009இல் இத்தகைய பள்ளிகளை அருகிலுள்ள பொதுப் பள்ளிகளோடு ஒப்பிட்டனர். கணிதத்தில் நூற்றுக்குப் பதினேழு பள்ளிகள் மேலோங்கி நின்றன. முப்பத்தேழு பள்ளிகள் பின்தங்கின. எஞ்சியவற்றில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. 2023இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் சராசரி நிலை சற்றே உயர்ந்திருந்தது. ஆயினும் பள்ளிக்குப் பள்ளி ஏற்றத்தாழ்வு மிகுதி. நிர்வாகம் கைமாறுவதால் மட்டும் கல்வி செழித்துவிடாது என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் நன்கு நடந்த பள்ளிகளில் இருந்தது யாது? இதனை அறிய, ஹூஸ்டன் நகரில் 2010இல் ஒரு சோதனை தொடங்கிற்று. நலிந்த பொதுப் பள்ளிகள் இருபதில், நிர்வாகத்தைத் தனியாருக்கு மாற்றாமலே ஐந்து காரியங்களைச் செய்தனர். பள்ளி நேரத்தைக் கூட்டினர். தகுதி நோக்கித் தலைமையாசிரியரையும் ஆசிரியரையும் அமர்த்தினர். சிறு குழுக்களாகத் தனிப் பயிற்சி அளித்தனர். அடிக்கடி சோதித்து அதற்கேற்பப் போதித்தனர். ‘இப்பிள்ளைகளாலும் முடியும்’ என்ற நம்பிக்கையைப் பள்ளியெங்கும் நிலைநாட்டினர். கணிதம் நன்கு உயர்ந்தது. வாசிப்பில் மாற்றம் சிறிதே.

செல்வம் மிகுந்த நாட்டில் நடந்தது நமக்குப் பொருந்துமோ என்று ஐயுற வேண்டா. நம் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளிலேயே நடந்த சோதனை ஒன்று உண்டு. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் ‘பால்சகி’, அதாவது குழந்தையின் தோழி, என்றொரு திட்டத்தை நடத்திற்று. பள்ளியிறுதி வரை படித்த பெண்களை அந்தந்த வட்டாரத்திலேயே தேர்ந்து, சிறிது காலம் பயிற்சி தந்து, மாதம் ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது ரூபாய் வரை ஊதியம் அளித்தனர். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் எழுத்தும் எண்ணும் பிடிபடாத பிள்ளைகள் பதினைந்து இருபது பேரை அப்பெண் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்திக் கற்பித்தாள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ முதலியோர் மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை இதனை அளந்து பார்த்தனர். அவ்விருவரும் 2019இல் நோபெல் பரிசு பெற்றோர் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

கடைசி வரிசையில் இருந்த பிள்ளைகளே மிகுதியாக முன்னேறினர். வகுப்பிலேயே தங்கிய மற்றப் பிள்ளைகளுக்குக் கூட்டம் குறைந்ததால் மட்டும் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. பிள்ளை நிற்கும் படியிலிருந்து கற்பித்ததே பயன் தந்தது. திட்டம் நின்று ஓராண்டு சென்றபின், பெற்ற பயனில் ஒரு பகுதியே எஞ்சியிருந்தது. நாற்றுக்கு ஒருநாள் நீர் வார்த்தால் போதாது. இடைவிடாத கவனிப்பு வேண்டும் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

தாராவிச் சிறுவனுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, ஊருக்கு மராத்தி, உத்தியோகத்துக்கு ஆங்கிலம். நான்கு மொழிகளுக்கு நடுவே அவன் ஒன்றிலும் சரளமாகப் படிக்க இயலாமல் ஐந்தாம் வகுப்புக்கு ஏறிவிட்டால், பின்னர் அவனைக் கைதூக்கிவிடுவது அரிது. ஆசிரியரை மட்டும் பழித்துப் பயனில்லை. மக்கள்தொகைக் கணக்கு, தேர்தல் வேலை முதலியனவும் அவர் தலைமேல் விழுகின்றன.

நாம் செய்யக்கூடியது என்ன? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாநகராட்சிப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகக் குழு வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், அதன் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், மானியம் செலவாகும் வகையைப் பார்ப்பதும் அக்குழுவின் கடமைகள். தாராவித் தாய்மாரே, அந்த நாற்காலி உங்களுடையது. எழுதப் படிக்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். ‘என் பிள்ளை ஒரு பக்கம் படித்துக் காட்டட்டும்’ என்று கேட்பதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை.

மாதுங்கா, செம்பூர் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்ற கணக்கர்களும் ஆசிரியைகளும் நம்மிடையே எத்தனை பேர்! வாரத்தில் சில மாலைகளை ஒதுக்கிப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுத் தந்தால், அதுவும் பெரும் தொண்டே. தொடங்கியதை இடையில் நிறுத்தாதிருப்பது அதனினும் பெரிது.

பள்ளியின் பெயர்ப்பலகையில் மாநகராட்சியின் பெயர் இருக்கட்டும், அறநிலையத்தின் பெயர் இருக்கட்டும். உள்ளே கடைசி வரிசைப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கும் ஓசை கேட்கிறதா என்று முதலில் செவிசாய்த்துக் கேட்போம்.