நெல்லுச்சோறு என்னும் சொல்



வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுமிடத்தில் அமைந்தது இருக்கன்குடி. அதனைச் சூழ்ந்த கரிசல் ஊர்களில், இரண்டு தலைமுறைக்கு முன்புவரை 'நெல்லுச்சோறு' என்றொரு சொல் வழங்கியது. 'சோறு' என்றாலே நெல்லரிசி என்று பொருள்கொள்ளும் இன்றைய செவிக்கு அது கூறியது கூறலாகப் படும். அவ்வூர்களிலோ சோறு என்றால் கம்மஞ்சோறு. அல்லது சோளச்சோறு, குதிரைவாலிச்சோறு. நெல் என்பது தீபாவளிக்கும் திருமணத்துக்கும் வந்துபோகும் விருந்தாளி. விருந்தாளிக்குத்தானே பெயர் சொல்லி அறிமுகம் வேண்டும்?

இன்று அடைமொழி இடம் மாறிவிட்டது. நெல் வெறும் சோறாயிற்று. கம்பும் குதிரைவாலியும் 'சிறுதானியம்' என்னும் பட்டத்துடன் நகரத்து உணவகங்களின் விலைப்பட்டியலில் ஏறியுள்ளன. இந்தியா 2018ஆம் ஆண்டையும், ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டையும் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடின. சமையற்கலை வல்லார் சிற்றூர் அடுக்களைகளை நாடிச் செல்கின்றனர். மகிழத்தக்கதே. ஆயினும் அவர்கள் அங்கிருந்து எடுத்து வருவது எது, விட்டு வருவது எது என்பது நோக்கற்பாலது.

நிலத்தை உணவால் அடையாளங்காட்டும் மரபு தமிழுக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனை வழிப்படுத்தும்போது, ஒவ்வொரு நிலத்தாரும் அவனுக்கு என்ன படைப்பர் என்றே கூறிச் செல்கிறார். முல்லை நிலத்தில் அவனுக்குக் கிடைப்பது வரகுச்சோறும் அவரைப் பருப்பும். அவற்றுக்கு உவமையாகப் புலவர் காட்டுவனவும் பூக்களே. வரகு அங்கே ஏழ்மையின் அடையாளமாகவும் இல்லை, மருந்தாகவும் இல்லை, உணவாகவே இருக்கிறது.

கரிசலின் சமையலை வகுத்தது தண்ணீர்ப் பஞ்சம். வானம் பார்த்த பூமி அது. வடகிழக்குப் பருவமழையைக் கரிசல் மண் உள்வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் கம்பு விளைந்தாக வேண்டும். விளைந்த கம்பும் எளிதில் உலைக்கு வாராது. நீர் தெளித்துப் பிசறி, ஈரம் ஏறவிட்டு, உரலில் இட்டு இடித்து, உமி போகப் புடைத்து, மீண்டும் இடித்துச் சலித்து, குருணை வேறு மாவு வேறாக்க வேண்டும். உலை கொதித்ததும் முதலில் குருணை. அது வெந்தபின் கரைத்த மாவு. பின்னர் கை ஓயாமல் துடுப்பால் கிண்டவேண்டும். இரவில் சுடச்சுடக் குழம்போடு உண்டது போக, எஞ்சியதை உருட்டி நீரில் இடுவர். விடிந்தால் மோர் ஊற்றிக் கரைத்த கஞ்சி. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், சீனியவரை வற்றல், மிதுக்கு வற்றல், காணத்துவையல். காயாத காலத்துக் காயை வெயிலில் சேமித்து வைத்த அறிவே வற்றல். ஒரே உலையில் இரண்டு வேளைக்கு வழிசெய்யும் இச்சிக்கனத்தைச் சமையல் நூல்கள் குறிப்பதில்லை. அளவையும் நிமிடத்தையும் குறிக்கின்றன.

தொழிலோடு சொல்லும் வளர்ந்தது. உமியைப் பறக்கவிடுவது புடைத்தல். நொய்யையும் கல்லையும் ஒதுக்குவது கொழித்தல். தெள்ளுதல், நேம்புதல் என முறத்தின் அசைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இருக்கன்குடிக்குத் தெற்கே, கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், 1982இல் வெளிவந்த தம் வட்டார வழக்கு அகராதியில் கரிசலின் சொற்களைத் தொகுத்து வைத்தார். கல்லூரி வாயிலை மிதிக்காத அவர் அப்பணியைச் செய்தபோது, கல்லூரித் தமிழ்த்துறைகள் வழக்குச்சொல்லைக் கொச்சையென்று திருத்திக்கொண்டிருந்தன. பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. 2021இல் அவர் மறைந்தார்.

இங்கே கவிஞர்களிடம் ஒரு வழக்கும் உண்டு. உரலையும் உலக்கையையும் பாடிய கவிதைகள் ஏராளம். உலக்கை பிடித்த உள்ளங்கையின் காய்ப்பைப் பாடியவை குறைவு. பல அடுக்குத் தோலுடைய குதிரைவாலியைக் குற்றி எடுப்பது பெண்ணின் இடுப்பொடிக்கும் வேலை. கரிசற்பெண்கள் அதனைக் கைவிட்டதற்குச் சோம்பல் காரணமன்று. இருள் பிரியுமுன் தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் அழைத்துச் செல்லும் வண்டி தெருமுனையில் வந்து நிற்கிறது. அதற்குள் பொங்கி, வடித்து, தூக்குச்சட்டியில் அடைத்தாக வேண்டும். நியாயவிலைக் கடையின் அரிசி அவர்களுக்கு ஓய்வைத் தந்தது. 'மரபைத் தொலைத்தனர்' என்று அவர்கள்மீது குற்றஞ்சாட்டுவோர் முதலில் ஒரு படி குதிரைவாலியைக் கையால் குற்றிப் பார்க்கலாம். தோல் நீக்கும் பொறிகள் வந்துவிட்ட இன்று, அந்தத் துன்பமின்றியே அத்தானியம் அடுக்களைக்குத் திரும்ப இயலும். திரும்பினால் நன்று.

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குச் செல்வோர் வேறொரு காட்சியைக் காணலாம். பல மாவட்டங்களிலிருந்து வந்தோர் ஆற்றுமணலில் கல்லைக் கூட்டி அடுப்பாக்கிப் பொங்கலிடுவர். பானை பெரும்பாலும் நெல்லரிசிப் பானையே. ஆனால் ஆடியில் அம்மன் பெயரால் ஊற்றும் கூழில் மட்டும் கம்பும் கேழ்வரகும் தம் பழைய உரிமையோடு நிற்கின்றன. ஆடி, பழைய விளைச்சல் தீர்ந்து புதியது வராத மாதம். இருப்பதைக் கரைத்து எல்லார்க்கும் ஊற்றிய ஏற்பாடு அது.

மாற்றிப் பயிரிட எளிதில் இணங்காத உணவும் கரிசலில் உண்டு. அதலைக்காய் அத்தகையது. பாகல் இனத்தைச் சேர்ந்த சிறு கொடி, யாரும் விதைப்பதில்லை. கோடை முழுதும் கிழங்காக மண்ணுக்குள் உறங்கி, மழை விழுந்ததும் முளைத்துப் புஞ்சையில் படரும். களையெடுக்கும் பெண்களே அதனைப் பறிப்பர். வெங்காயம் சேர்த்து வதக்கினால் இளங்கசப்பு நாவில் நிற்கும், புளிக்குழம்பிலும் இடுவர். களைக்கொல்லி தெளிக்கும் புஞ்சையில் அதற்கு இடமில்லை. தொலைதூரச் சந்தைக்குச் செல்லவும் அது ஒப்பாது. ஐப்பசி மழைக்குப் பின் சாத்தூர்ப் பக்கத்துச் சந்தைகளில் கூறுகட்டி விற்கும் மூதாட்டியர், வாங்குவோரிடம் சமையற்குறிப்பாகச் சொல்வது இவ்வளவே: "இன்னைக்கே ஆக்கிருங்க தாயி. நாளைக்குன்னு வச்சா வெடிச்சுப் போகும்."