கைபேசிக்குள் வந்த வகுப்பறை
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு என்றால் பழைய கதை பேசத்தான் எல்லோருக்கும் ஆசை. அதை மதியச் சாப்பாட்டின்போது வைத்துக்கொள்வோம். நாங்கள் பேச வந்தது வட்ஸ்அப்பைப் பற்றி.

2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. ‘குரு கெதர’ நிகழ்ச்சியின் தமிழ்ப் பாடங்கள் நேத்ரா தொலைக்காட்சியில் வந்தன. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் பற்றிக்கொண்டது வட்ஸ்அப்பையும் வைபரையும்தான். ஆசிரியை கொப்பியில் எழுதிப் படமெடுத்து அனுப்பினால் கொஞ்ச டேட்டாவே போதும். சிக்னல் வரும்போது வந்து சேரும். குரல் பதிவென்றால் விளங்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஸூம் வகுப்பு அப்படியல்ல. அந்த நேரம் சிக்னல் இல்லையென்றால் பாடம் போயிற்று.

ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை. லயன் வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன்; அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பிய பிறகு மூன்று பிள்ளைகள் அதற்கு முறை வைப்பார்கள். பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவையில் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னலுக்காகக் காட்டுவழியே பாறைக்கு ஏறியதை 2021இல் வெளிநாட்டுச் செய்திகளும் காட்டின. ஆசிரியைகள் பலர் தம் கைக்காசில் டேட்டா போட்டுத்தான் படிப்பித்தார்கள். 

கொவிட் போய்விட்டது, குழுக்கள் போகவில்லை. இதுதான் எங்கள் கவலை. இரவு ஒன்பது மணிக்கு வீட்டுவேலை குழுவில் வருகிறது. போன் கிடைக்காத பிள்ளை மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்கிறாள். ஊரே அடைபட்டிருந்தபோது கைகொடுத்த ஒன்று, பாடசாலை திறந்த பிறகு வசதியில்லாதவளைத் தள்ளிவைக்கும் கருவியாகிவிடக் கூடாது. கரும்பலகையில் எழுதிவிட்டு, வராத பிள்ளைக்காகக் குழுவிலும் போடுவது நல்லது. குழுவில் மட்டும் போடுவது நியாயமில்லை.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகள் பலர், “எங்களையும் பிள்ளைகளின் குழுவில் சேருங்கள், ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறோம்” என்று கேட்கிறார்கள். மனம் பெரிது, ஆனால் வேண்டாம். குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய இலக்கமும் தெரியும். அந்த இலக்கம் பெரும்பாலும் அம்மாவுடையது, சிலவேளை அண்ணனுடையது. பெண்பிள்ளைகளின் குழுவில் பெரியவர்கள் கூடக்கூட ஆசிரியைக்குத்தான் பாரம். பரிசளிப்புப் படங்களைப் பிள்ளையின் பெயரும் வகுப்பும் போட்டு முகநூலில் ஏற்றுவதையும் நிறுத்துவோம். (அதில் முந்திக்கொள்வது நாங்களேதான்!)

அதற்குப் பதில் இப்படிச் செய்யலாம். தரம் 10, 11 ஆங்கிலப் பாடநூலின் ஒரு பந்தியை நிதானமாக வாசித்து, இரண்டு நிமிடத்துக்கு மேற்படாமல் குரல் பதிவாக ஆசிரியைக்கு அனுப்புங்கள். அவர் கேட்டுப் பார்த்துக் குழுவில் போடுவார். போன் இல்லாத பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே போட்டுக் காட்டுவார். ஆசிரியைகளுக்கு மாதாமாதம் டேட்டா ரீலோட் செய்யச் சங்கம் ஒரு சிறு நிதி தொடங்குகிறது. டொரன்டோவில் இரவுச் சாப்பாடு முடியும் நேரம் கண்டியில் விடிந்துவிடும். ஆகவே அங்கே படுக்கப் போகுமுன் அனுப்பினால், இங்கே முதல் பாடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். பெயர் தர விரும்புவோர் சாப்பாட்டுக்கு முன் செயலாளரைக் காணுங்கள். கொப்பி அவரிடம் இருக்கிறது.